ஆயிரத்து எண்பத்தைந்து கிலோமீட்டர்

"ஆயிரத்து எண்பத்தஞ்சு கிலோமீட்டர் வேகத்துல எந்தப் பிளைட்டு போவும்லே? சொல்லு!"

நயினார் கைப்பேசியைப் பெவினின் மூக்குக்கு நேரே நீட்டினார். அதில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவன், ரேடாரில் தெரிந்தது பயணிகள் விமானமே அல்ல என்று அடித்துப் பேசிக்கொண்டிருந்தான்.

பெவின் சென்னையில் விமானங்களைப் பழுதுபார்க்கிறவன். நயினாரின் ஒரே மகன் செந்தூர்வேலோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன். கப்பல் வேலை முடிந்து வளைகுடாவிலிருந்து செந்தூர்வேல் ஏறிவந்த விமானம் கடலில் விழுந்து, இந்தத் தை மாதத்தோடு ஒரு வருடம் ஆகிறது. உடல் கிடைக்கவில்லை.

அதையே பிடித்துக்கொண்டார் நயினார். விழுந்தது வேறு ஏதோ, பயணிகளை ஒரு தீவில் அடைத்து வைத்திருக்கிறார்கள், மகன் திரும்பி வருவான் என்று ஒற்றைக்காலில் நின்றார். முத்தையாபுரமே அவரைப் பார்த்துப் பரிதாபப்பட்டுச் சலித்துப்போய், இப்போது சிரிக்கவும் தொடங்கிவிட்டது.

பெற்றவர் ஒத்துக்கொள்ளாமல் கருமாதி வைக்க முடியாது. ஆகவே அவருடைய அக்கா சங்கரம்மாள், சாத்தான்குளத்திலிருந்து ஒரு வேன் நிறையச் சொந்தபந்தங்களை ஏற்றிக்கொண்டு வந்திருந்தாள். லீவில் வந்திருந்த பெவினையும் கையோடு கூட்டி வந்துவிட்டாள். படித்த பிள்ளை சொன்னால் தம்பி கேட்பான் என்று ஒரு நம்பிக்கை.

"அப்பா, பிளைட்டோட வேகம் தொள்ளாயிரந்தான்," பெவின் நிதானமாகச் சொன்னான். "ஆனா அது காத்துக்குள்ள போற வேகம். ரேடார் தரையை வச்சு அளக்கும். பின்னால இருந்து இருநூறு கிலோமீட்டர் வேகத்துல காத்து தள்ளுச்சுன்னா, ரெண்டையும் கூட்டிக்கிடணும். நீரோட்டத்தோட வாற வள்ளம் சீக்கிரம் கரை சேருதுல்லா? எஞ்சின் அதே எஞ்சின்தான்."

"அந்த வேகத்துல போனா ரெக்கை பிஞ்சிருக்குமே?"

"பிய்யாதுப்பா. ரெக்கைக்கு அது தொள்ளாயிரந்தான்."

"காத்தாவது, தள்ளுததாவது! அம்புட்டு இரும்பைக் காத்து தள்ளுமாம்லா! உன்னையும் அவனுவதான் அனுப்பி வச்சானுவளா?"

முப்பது வருடம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர் பேசுகிற பேச்சா இது? காற்றின் வேகத்தைப் பார்க்காமல் எங்கப்பா ஒரு பெட்டியைத் தூக்கமாட்டார் என்று செந்தூர்வேல் எத்தனையோ தடவை பெருமையடித்திருக்கிறான். பிள்ளையைப் பறிகொடுத்த துக்கம் ஒரு மனிதரின் புத்தியை இந்த அளவுக்கா கெடுக்கும் என்று நினைக்க நினைக்கப் பெவினுக்கு அழுகை முட்டியது.

"ஏலே நயினாரு, பிள்ள ஆத்துமா அலையுதுல," சங்கரம்மாள் மூக்கைச் சிந்தினாள். "இது முடியாம எம்பேத்தி கல்யாணத்தையும் வைக்க முடியல. இன்னைக்கே நாளைக் குறிச்சிருவோம்."

அடுப்படி வாசலில் மருமகள் இந்துமதி காப்பித் தட்டோடு நின்றாள். எட்டே மாதம் செந்தூர்வேலோடு வாழ்ந்தவள். நயினார் அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு எழுந்து நின்று தொண்டை கிழியக் கத்தினார்.

"எம்பிள்ள உசுரோட இருக்கான்! கருமாதின்னு வாயத் தொறக்கிற எவனும் இந்த வாசப்படி ஏறக் கூடாது!"

வந்த கூட்டம் காப்பியைக்கூடத் தொடாமல் இறங்கிப் போயிற்று. முற்றிப் போய்விட்டது என்று யாரோ அவர் காதுபடவே சொன்னார்கள். சங்கரம்மாள் தலையில் அடித்துக்கொண்டே வேனில் ஏறினாள்.

பெவினுக்கு மட்டும் போக மனம் வரவில்லை. நண்பனுக்குச் செய்ய இனி இது ஒன்றுதான் பாக்கி என்று தோன்றியது.

"அப்பா, எங்க வீட்டுலன்னா மாதா கோயில்ல ஒரு பூசை வச்சு, எல்லாரும் ஜெபம் பண்ணிட்டு வருவோம். மனசு கொஞ்சம் ஆறும். அந்த இருநூறு கிலோமீட்டர் காத்த மட்டும் யோசிச்சுப் பாருங்க."

"இருநூறு இல்ல." நயினாரின் குரல் இறங்கியிருந்தது. "நூத்தி எண்பத்தஞ்சு. விசாரணை அறிக்கையில எழுபத்தி மூணாம் பக்கத்துல போட்டிருக்கு."

பெவின் அவர் முகத்தையே பார்த்தான்.

"அது இங்கிலீசுல்லாப்பா? யாரு வாசிச்சுச் சொன்னா?"

"இந்துமதிதான். கடைசிப் பக்கம் வரைக்கும் வாசிச்சா. அன்னைக்குக் கதவச் சாத்திட்டு ரெண்டு பேரும் அழுதோம்."

"எல்லாந் தெரிஞ்சுக்கிட்டு ஏன்ப்பா இப்படி? ஊரே பைத்தியம்னு சொல்லுதே!"

நயினார் உள்ளே எட்டிப் பார்த்தார். இந்துமதி ஆறிப்போன காப்பியை ஒவ்வொரு தம்ளராகக் கொட்டிக்கொண்டிருந்தாள். அவர் பெவினின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் ஆமான்னு சொன்னா, கூட்டத்துக்கு நடுவுல உக்கார வச்சு அவ தாலிய அறுப்பாளுவ, தம்பி."