நெற்றிக்குப் பின்னால் ஒரு நிழல்

தலையில் ஜெல் தடவியதும் அமலோற்பவம் சிரித்துவிட்டாள்.

"கூசுது தம்பி" என்றாள் டெக்னீசியனிடம். அவனும் சிரித்தான்.

கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்ற அவள் புருஷன் சவரிராஜுக்கு வயிறு எரிந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் தன்னிடம் ஒரு தடவை இப்படிச் சிரித்திருப்பாளா?

எல்லாம் இந்த ஒரு வருஷமாகத்தான். குடவாசல் மாதா கோயில் பாடற்குழுவில் சேர்ந்தாள். நடவு வயலிலும் பாடினாள். ஸ்கூட்டி ஓட்டப் பழகினாள். கீபோர்டு வாசிக்கும் ஜோசப்ராஜ் போனில் என்னதான் சொல்வானோ, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

அவள் குளிக்கப் போகும்போது சவரிராஜ் அந்தப் போனை எடுத்துப் பார்ப்பான். ஒத்திகை நேரம், பாட்டு வரிகள். வேறொன்றும் இருக்காது. அதுதான் இன்னும் எரிந்தது.

போன மாதம் நாற்றங்காலில் மயங்கி விழுந்தாள். தஞ்சாவூரில் எடுத்த ஸ்கேனில், நெற்றிக்குப் பின்னால் மொச்சைக்கொட்டை அளவுக்கு ஒரு நிழல்.

அந்த இடத்தில் கட்டி வந்தால் சிலருக்குக் குணமே மாறிவிடும் என்று, ஜெல்லைத் துடைத்த பிறகுதான் சொன்னார் டாக்டர் கலைமகள். கூச்சம் போய்விடுமாம். காரணமில்லாமல் சிரிப்பார்களாம்.

முன்பெல்லாம் மண்டையோட்டைத் துளைத்துச் சதை எடுத்துத்தான் பார்ப்பார்கள். இப்போது ஆராய்ச்சியாக ஒரு புது முறை; ஜெல் தடவியது அதற்குத்தான். வெளியிலிருந்தே அல்ட்ராசவுண்ட் அலையைக் குவித்தால், கட்டியின் துணுக்குகள் ரத்தத்தில் கலக்கும். கையில் எடுக்கும் ரத்தமே சொல்லிவிடும்.

அன்றிலிருந்து சவரிராஜ் வேறு ஆளாகிவிட்டான். கஞ்சியை ஆற்றிக் கொடுத்தான். கால் பிடித்துவிட்டான். அவள் போனைத் தொடவே இல்லை. இப்படி ஒரு புருஷன் யாருக்கு வாய்ப்பான் என்று தெருவே பேசியது.

பத்தாம் நாள் டாக்டர் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்.

"கட்டி இல்லம்மா. எப்பவோ வந்த பூச்சித் தொற்றோட தழும்பு. மயக்கத்துக்கு மாத்திரை போதும்."

அமலோற்பவம் சிலுவை போட்டுக்கொண்டு அழுதாள். பிறகு போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள்.

சவரிராஜ் எழுந்திருக்கவில்லை.

"அப்ப இந்தச் சிரிப்பு, பாட்டெல்லாம்?"

"அதுக்கும் தழும்புக்கும் சம்பந்தமில்லீங்க. அது அவங்க சொந்தச் சிரிப்பு."

தாழ்வாரத்தில் அவள் யாரிடமோ கலகலவென்று பேசுவது கேட்டது.

சவரிராஜ் கதவை ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"டாக்டர், எதுக்கும் ஒரு தடவ மண்டையத் துளைச்சே பாத்துடுங்களேன்."