சின்ன மாப்பிள்ளையின் கார்

அவன் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தான்.

வழக்கமாக யாரும் அவ்வளவு தூரம் இழுப்பதில்லை. மாட்டிக்கொள்ளும் அளவுக்கு இழுத்துப் பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள். வண்டியைக் கழுவி, சீட் உறை மாற்றி, செண்ட் அடித்து விற்பனைக்கு நிறுத்துகிறவர்களும் அங்கே கை வைப்பதில்லை.

உள்ளே சுருண்டு கிடந்த கடைசி ஒரு சாண் வெளியே வந்தது.

சேறு. காய்ந்து, கோடு போட்டதுபோல.

போன வருட வெள்ளத்தில் நின்ற வண்டி.

மெதுவாக விட்டான். பெல்ட் உள்ளே போய்ச் சுருண்டுகொண்டது.

வெளியே நவநீதன் வெள்ளை பானட்டில் தன் முகம் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். மனைவியின் தங்கை கணவன். செல்போன் கடை வைத்துக் கொஞ்ச காலம்தான் ஆகிறது. அதற்குள் சீட்டு எடுத்து, மூன்று லட்சத்துக்குள் ஒரு பழைய கார் பார்க்க வந்துவிட்டான்.

மூத்த மாப்பிள்ளையான அவனோ கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஆக்டிங் டிரைவர். ஊரிலிருக்கும் கார்ச் சாவியெல்லாம் அவன் கையில் புரண்டிருக்கிறது. வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டு பைக்கில் வீட்டுக்குப் போவான்.

அதுகூடப் பரவாயில்லை.

மாமனார் வாசல் சாக்கடைமேல் சிலாப் போட்டுவிட்டார்.

சின்ன மாப்பிள்ளை கார் வாங்கப்போகிறார் என்று கேள்விப்பட்ட வாரமே. கார் உள்ளே வந்து நிற்பதற்கு. இத்தனை வருடமாக அவன் பைக்கை எதிர்வீட்டுச் சுவரோரம் சாய்த்துவிட்டு, சாக்கடையைத் தாண்டித்தான் அந்த வீட்டுக்குள் போகிறான்.

போன ஞாயிற்றுக்கிழமை சிலாப்பில் கால் வைக்கப் போனான்.

"தாண்டி வாங்க மாப்ள. சிமெண்ட் இன்னும் காயல," என்றார் மாமனார்.

தாண்டினான்.

"என்னண்ணே, எப்பிடி?" என்றான் நவநீதன்.

அவன் காரிலிருந்து இறங்கினான். கதவைச் சாத்தினான்.

பொய் சொல்லலாம் என்றுதான் நினைத்தான். நல்ல வண்டி, எடுத்துக்கோ என்றால் முடிந்தது. கொஞ்ச நாளில் ஒயர் ஒவ்வொன்றாகப் போகும். மாமனார் வாசலிலேயே நிற்கும், நகராமல். தெருவே கூடித் தள்ளும்.

சொல்ல வாய் வரவில்லை. நல்ல மனசால் அல்ல. வண்டி பார்க்கத் தெரியாதவன் என்று பிறகு அவனுக்குத்தான் பெயர் வரும்.

"வேணாம். இது தண்ணில நின்ன வண்டி. அந்த சாம்பல் கலர எடு. பழசுதான், ஆனா ஒரே ஆள் ஓட்டுனது. இஞ்சின் சுத்தமா இருக்கு. செலவே வைக்காது."

நவநீதன் மூலையில் நின்ற சாம்பல் வண்டியைப் பார்த்தான். கதவில் ஒரு நசுங்கல். கூரையில் பெயிண்ட் வெளுத்திருந்தது.

"அதுலயா போய் மாமா வீட்டு வாசல்ல எறங்கச் சொல்றீங்க?"

புரோக்கர் பல் குத்திக்கொண்டே சிரித்தார். "விடுங்க தம்பி. ஒரு சகல கார் வாங்குனா இன்னொரு சகலைக்கு வயிறு எரியத்தான் செய்யும். நான் பாக்காத சகலையா?"

நவநீதனும் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தான். முகத்தில் எதையோ தேடுவதுபோல.

கிடைத்துவிட்டது போலிருக்கிறது.

"இல்லண்ணே. எனக்கு இதுதான் புடிச்சிருக்கு."

குரலில் மரியாதை கூடியிருந்தது.

கதவைத் திறந்து, பெல்ட்டை இழுத்துக் காட்டினால் போதும். புரோக்கரின் சிரிப்பு நின்றுவிடும். நவநீதன் சாம்பல் வண்டியை வாங்குவான். அது ஓடும். மக்கர் பண்ணாமல், வருடக்கணக்கில் ஓடும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சிலாப்பில் ஏறி வாசலில் போய் நிற்கும்.

அவன் கைகளைப் பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான்.

"உன் இஷ்டம். நான் சொல்ல வேண்டியத சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டான்தான். நாளைக்கு யார் கேட்டாலும் சொல்லிக்கொள்ளலாம். நான் அன்றைக்கே சொன்னேன். கேட்கவில்லை.

பணம் போனிலேயே போய்ச் சேர்ந்தது. புரோக்கர் சூடம் காட்டினார். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். நவநீதன் வீடியோ காலில் மனைவிக்கு வண்டியைச் சுற்றிச் சுற்றிக் காட்டினான்.

"அக்கா வீட்டு மாமா வண்டிய பாத்துட்டாரா?" என்றாள் அவள்.

"பாத்துட்டாரு, பாத்துட்டாரு."

"அப்ப சரி."

போனை அணைத்ததும் நவநீதன் சாவியை நீட்டினான்.

"மொதல்ல நீங்க எடுங்கண்ணே. பெரியவரு."

ஒரு நிமிடம் சந்தேகப்பட்டதற்குப் பரிகாரம் செய்கிற முகம்.

அவன் ஏறி உட்கார்ந்தான். எலுமிச்சம்பழம் நசுங்கும் சத்தம் கேட்டது. வண்டி குலுங்காமல் சாலைக்கு வந்தது.

நவநீதன் பக்கத்தில் உட்கார்ந்து டாஷ்போர்டைத் தடவிக்கொண்டே வந்தான். சிக்னல் தாண்டியதும் பொறுக்கமுடியாமல் கேட்டான்.

"இப்ப சொல்லுங்கண்ணே. எப்பிடி இருக்கு?"

அவன் கியரை மாற்றினான்.

"நல்லா இழுக்குது."

அதுவும் உண்மைதான்.