கடிக்காத ஷூ

கல்லாச் சாவியைக் காணாமல், செருப்புக்கடை முதலாளி கால் சுட்ட நாயாகக் கடைக்குள் சுற்றிக்கொண்டிருந்தார். புது ஷூவை மாட்டிக்கொண்ட வாடிக்கையாளரும் கூடவே மூன்று சுற்று நடந்துவிட்டார்.

“கடிக்குதா சார்?”

“பஞ்சு மாதிரி இருக்குங்க. பேக் பண்ணுங்க.”

“கொஞ்சம் உக்காருங்க. சாவி கிடைச்சாத்தான் சில்லறை.”

“தேடுங்க, தேடுங்க. பதட்டப்பட்டா சர்க்கரை ஏறிடும். எனக்குப் பத்து வருஷமா இருக்கு. ஒரு வலி, எரிச்சல் கிடையாது. மாத்திரையை நிறுத்தியே ஆறு மாசமாச்சு. டாக்டருக்கு எதுக்குத் தண்டம் அழணும்?”

“பேரத்துல எங்களையே மிஞ்சிட்டீங்க!” என்றபடி முதலாளி குனிந்து அவர் ஷூவை உருவினார்.

உள்ளேயிருந்து சாவி தரையில் விழுந்தது. அதன் பல்லெல்லாம் ரத்தம்.

முதலாளி அதை எடுத்தார்.

வாடிக்கையாளர் பதறினார். “ஐயய்யோ, பாத்து எடுக்கக் கூடாதா? கையைக் கிழிச்சிக்கிட்டீங்களே!”