வளைவில் மட்டும் மெதுவாக

"பொம்பளை கையில வண்டியைக் கொடுத்தா இப்படித்தான் ஊரும்!"

எதிர் சீட்டுக்காரர் சொன்னதும் பெட்டியே சிரித்தது. பாலத்துக்கு முந்தைய வளைவில் ரயில் நத்தையாக ஊர்ந்துகொண்டிருந்தது.

ஓட்டுகிறவள் தன் மருமகள்தான் என்று சொல்ல அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்த அம்மாளுக்கு நாக்கு துறுதுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் மகனைப் பிடித்துக்கொண்டாள். அவன் தண்டவாளப் பராமரிப்பு என்ஜினீயர்.

"ஏன்டா, அந்த வளைவுல மெதுவாப் போகணும்னு உத்தரவு போட்ட மகராசன் நீதானே?"

"ஆமாம்மா. வளைவுல சக்கரம் வெளிப்பக்கத் தண்டவாளத்தை நெட்டித் தள்ளும். அங்கே தண்டவாளத்தைப் பிடிச்சிருக்கிற கிளிப்பெல்லாம் தளர்ந்துபோச்சு. வண்டி ஏறினா ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல இடைவெளி லேசா விரியுது. வேகமாப் போனா சக்கரம் தண்டவாளத்து மேலேயே ஏறி வெளியே இறங்கிடும். மெதுவாப் போனா தள்ளுற பலமும் குறையும், ஆபத்தில்லை. கிளிப்பை மாத்துற வரைக்கும் அப்படித்தான்."

"வெளியே யாருக்குடா இது தெரியும்? ஊரே உன் பொண்டாட்டியைக் கரிச்சுக்கொட்டுது. ஸ்டேஷன்ல ஒரு போர்டு வைக்கக் கூடாதா?"

அவன் எழுந்து சட்டையைக் கழற்றி மாட்டப் போனான்.

"ஓஹோ! அவ பேர் கெட்டா உனக்கு உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருக்கா?"

"அம்மா, வண்டி அங்கே உதறுதுன்னு முதல்ல சொன்னதே அவதான். மல்லுக்கட்டி இந்த உத்தரவை வாங்கினதும் அவதான். போர்டுகூட எழுதிட்டேன். அவதான் வைக்க விடல."

அந்த நேரம் பார்த்து மருமகள் உள்ளே வந்தாள். முகத்தில் களைப்பு.

"வாடி, என் ராசாத்தி! ஊர் வாயில விழணும்னு உனக்கு என்ன தலையெழுத்து?"

மருமகள் செருப்பைக் கழற்றியபடியே சிரித்தாள்.

"தண்டவாளம் சரியில்லைன்னு தெரிஞ்சா, தினம் அந்த வளைவுல உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க, அத்தை. என்னைத் திட்டிக்கிட்டே போனா, நிம்மதியாப் போய்ச் சேருவாங்க."