பச்சை விழுந்த நட்டு

பஸ் டிப்போவில் இப்போது புதிய மின்னணு ஸ்பானர்தான் அதிகாரி. நட்டு இறுகியதென்று அதில் பச்சை விளக்கு எரிந்தால், சான்றிதழ் நேரே தலைமை அலுவலகத்துக்குப் போய்விடும். அதன்பிறகு அந்த நட்டை மனிதக் கை தொடுவது குற்றம்.

பதினெட்டு வருடமாகச் சக்கரம் மாட்டும் பிலோமினா, தென்காசி பஸ்ஸின் முன்சக்கரத்தில் ஒரு நட்டைப் பார்த்துவிட்டு முகம் சுளித்தாள். துருப்பிடித்த போல்ட்டின் மரையில் சிக்கி, சக்கரத்தைத் தொடுமுன்பே அது நின்றிருந்தது. அதற்கும் பச்சை எரிந்திருந்தது.

"சார், இதக் கழட்டி மரையத் தொடச்சு மாட்டணும்."

கையில் கிரீஸ் படாத மேற்பார்வையாளர் அனந்தப்பன் சிரித்தார். "மெஷினுக்குத் தெரியாதது ஒனக்குத் தெரிஞ்சிட்டாக்கும்?"

"அப்ப நீங்களும் இதே பஸ்ல ஏறுங்க."

"எனக்கு மீட்டிங் இருக்கு" என்று அவர் நகர்ந்தார்.

பிலோமினா பழைய ஸ்பானரை எடுத்துக் கழற்றினாள். பழுப்புத் தூள் கொட்டியது. மரையைத் துலக்கி, நட்டைச் சக்கரத்தோடு பதிய இறுக்கினாள். பஸ் ஐம்பது பேரோடு கிளம்பியது. பத்தாவது நிமிடம் அவள் வேலை போனது. காரணம்: சான்றுபெற்ற நட்டைச் சேதப்படுத்தியது.

சாயங்காலம் அனந்தப்பன் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தார்.

"பின்சக்கரம் லேசா ஆடுது. நாளைக்கு மகளக் கூட்டிட்டுப் போணும். நீயே கையால இறுக்கிக் குடேன்."

"டிப்போவுக்குக் கொண்டு போங்க சார். ஓட்டிராதீங்க, தள்ளிட்டே போங்க" என்று பிலோமினா கதவைச் சாத்தினாள்.