ஈரமண்ணில் 323323

"பள்ளிக்கூடம் தொறக்கப் போறோம்" என்று முகாம் பொறுப்பாளன் தோழர் ஹோன் சிரித்த முகத்தோடு சொன்னதும், வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் மண்வெட்டிகளை நிறுத்தினார்கள். கணக்குத் தெரிந்தவர்களுக்குத் தலைநகர் பினோம் பென்னில் வேலை, இரண்டு வேளையும் சோறு என்றான்.

வெட்டிக்கொண்டிருந்தவர்களில் ஒருவனான நாரித் தலையைத் தாழ்த்திக்கொண்டான். பிரெஞ்சு தெரிந்தவர்களையும் இப்படித்தான் சிரித்துப் பேசிக் கூட்டிப்போனார்கள். அவர்களுடைய சட்டைகள் மட்டும் திரும்பி வந்து காவல்காரர்கள் உடம்பில் ஏறியிருந்தன.

படித்தவன் என்று தெரிந்தால், இப்போது நாட்டை ஆளும் அமைப்பு உயிரோடு விட்டுவைக்காது. அவன் கல்லூரியில் கணிதம் கற்பித்தவன் என்பது பக்கத்தில் நின்ற மனைவி தாவிக்கு மட்டுமே தெரியும். மற்றவர்களுக்கு அவன் படகுத்துறையில் மூட்டை தூக்கியவன்.

ஹோன் ஒரு குச்சியை எடுத்துக் கரையின் ஈரமண்ணில் 323323 என்று எழுதினான். இதை எதால் வகுத்தால் மீதி வராது என்று கேட்டான்.

கஞ்சி வாளி தூக்கும் சோம், எந்தப் பதில் பிடிக்கும் என்று ஹோனின் முகத்திலேயே தேடினான். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னான்: "ஒரு மீனப் பத்துப் பேருக்கு வகுக்கத் தெரியாமலே முழிக்கிறோம், தோழரே."

வரிசையில் சிரிப்பு ஓடியது. ஹோனும் சிரித்தான்.

நாரித் இப்படி ஓர் எண்ணைப் பார்த்து இரண்டு வருடமாகிவிட்டது. மூன்று இலக்கங்கள் அப்படியே மறுபடி வந்திருக்கின்றன. அப்படியானால் ஏழும் பதினொன்றும் பதின்மூன்றும் உள்ளே இருக்கின்றன. மிச்சம் 323. அது பதினேழைப் பத்தொன்பதால் பெருக்கியது. ஐந்து பகா எண்கள், நடுவில் ஒன்றுகூட விடுபடாமல், அண்ணன் தம்பிகள் மாதிரி அடுத்தடுத்து நின்றன. வயிற்றிலிருந்த பசிகூட ஒரு கணம் காணாமல் போயிற்று.

தாவியின் நகம் அவன் முழங்கையில் அழுந்தியது. எங்கே வாயைத் திறந்துவிடுவானோ என்று பயப்படுகிறாள் என நினைத்துக்கொண்டான். திறக்க மாட்டான்.

"நீ சொல்லு, மூட்டைக்காரா."

"எனக்கு மூட்டையோட கனம்தான் தெரியும், தோழரே." குரல் நடுங்கவில்லை.

இப்போது மூட்டையைக் கொடுத்தால் மூட்டைதான் இவனைத் தூக்கும் என்று பின்னாலிருந்து யாரோ முனகினார்கள். மறுபடி சிரிப்பு.

ஹோன் எண்ணைக் காலால் அழித்தான். எல்லோரும் போய் வேலையைப் பார்க்கலாம் என்றான். நாரித்துக்கு மூச்சு வந்தது. தாவியின் விரல்கள் மட்டும் ஏனோ இன்னும் தளரவில்லை.

மண்வெட்டியை எடுக்கக் குனிந்தவனின் தோளில் ஒரு கை விழுந்தது. ஹோன் குரலைத் தாழ்த்தி, மரியாதையாகச் சொன்னான்:

"மத்தவங்க எல்லாம் என் மூஞ்சியப் பாத்தாங்க. நீங்க நம்பரப் பாத்தீங்க, வாத்தியாரே."