மெல்ல வந்து கூவிப் போ

"அடுத்தது ஏசுபாதம் அங்கிள்" என்று ரக்ஷா கூப்பிட்டதும், மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்த அவளுடைய அப்பா பார்த்தசாரதிக்கு வேர்த்தது.

டீப்பாய் நடுவில் அந்தப் பேசும் பெட்டி. சின்னச் சொம்பு அளவுதான். தலையில் ஒரு நீல விளக்கு வளையம்.

எல்லாரும் சின்ன வயதில் ஆடிய ஆட்டம்தான். ஒருவர் கண்ணைப் பொத்திக்கொண்டு, "ரோஜாப்பூவே, மெல்ல வந்து கிள்ளிப் போ" என்று இன்னொருவரை அழைப்பார்கள். கிள்ளியது யார் என்று கண்ணை மூடியவர் சொல்ல வேண்டும்.

பெட்டியைக் கிள்ளினால் அதற்கு உறைக்காது. அதனால் ரக்ஷா, அதைச் செய்யும் தன் கம்பெனிக்காக, கிள்ளுவதைக் கூவுவதாக மாற்றியிருந்தாள். ஒவ்வொருவராகப் போய்க் குரலை மாற்றிக்கொண்டு "கூ" என்று கூவ வேண்டும். பழகிய குரல் என்றால் பெட்டி பெயரைச் சொல்லிவிடும். பழகாத குரல் என்றால் "புதுக் குரல்" என்று சொல்லும்.

அதில்தான் வினை.

மாடி வீட்டு ஏசுபாதம் இந்த வீட்டு வாசற்படி மிதித்து இரண்டு வருஷம் ஆகிறது என்பது தெருவறிந்த சேதி. பொது மொட்டைமாடியில் பார்த்தசாரதியின் மனைவி அமிர்தவல்லி வடாம் பிழிந்து வைத்திருந்தாள். ஏசுபாதத்தின் மனைவி பாப்பா கருவாடு காயப்போட்டிருந்தாள். ஒரு காக்கா கருவாட்டைத் தூக்கி வந்து வடாத்தின் மேல் போட்டது.

காக்கா பறந்துவிட்டது. இரண்டு பெண்களும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அவர்கள் நிறுத்தியதால் கணவர்களும் நிறுத்த வேண்டியதாயிற்று.

வெளிப்பார்வைக்கு அப்படி.

புதன்கிழமை மத்தியானம் அமிர்தவல்லி பஜனைக்கும் பாப்பா மகளிர் குழுவுக்கும் கிளம்பிய பிறகு, ஏசுபாதம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கி வருவார். பஸ் ஓட்டுகிறவர், புதன் அவருக்கு ஓய்வு. இருவரும் பெட்டியிடம் பழைய பாட்டு கேட்பார்கள், கிரிக்கெட் ஸ்கோர் கேட்பார்கள். முதல் நாளே அவர் அதனிடம், "எம் பேரு ஏசுபாதம், மறந்துடாத இன்னா" என்று அழுத்திச் சொல்லி வைத்திருந்தார். அன்றைக்கு அது பார்த்தசாரதிக்கு வேடிக்கையாக இருந்தது.

இப்போது அது வாயைத் திறந்தால் புதன்கிழமை போயிற்று. போன புதன்களுக்கெல்லாம் அமிர்தவல்லிக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

"ஏன்னா, உங்களுக்கு எதுக்கு இப்படி வேர்க்கறது?"

"கடல் காத்தே இல்லடி இன்னிக்கு."

சோபாவின் இந்த முனையில் அவள். அந்த முனையில் பாப்பா, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு. பாப்பாவின் மகள் சிநேகா, ரக்ஷாவின் தோழி, கெஞ்சிக் கூத்தாடி அம்மா அப்பா இருவரையும் அழைத்து வந்திருந்தாள். பெட்டியை ரக்ஷா முடுக்குவதற்கு முன்பே, வாசலில் நின்று பாப்பா அறிவித்துவிட்டாள்: "புள்ளைங்களுக்காவ வந்தேன். இந்த வூட்டுத் தண்ணிகூட எனக்கு வாணாம்."

ஏசுபாதம் வந்ததிலிருந்து வாயையே திறக்கவில்லை. தனக்காக அவர் வீம்பு காட்டுவதாக நினைத்துப் பாப்பாவுக்குப் பெருமை.

அவர் எழுந்தார். பெட்டியின் முன் குனிந்தார். வழக்கம்போலத் தொண்டையைச் செருமப் போனவர், சட்டென்று நிறுத்திக்கொண்டார். மூக்கைப் பிடித்துக்கொண்டு, சந்தைக்கு ஏற்றிய ஆடு மாதிரி "கூ... மே..." என்றார்.

நீல வளையம் சுற்றியது. நின்றது. மறுபடி சுற்றியது.

"புதுக் குரல். ஆடு போல் இருக்கிறது."

ரக்ஷாவும் சிநேகாவும் கைதட்டினார்கள். பார்த்தசாரதி மூச்சை விட்டார். கடல் காற்று எங்கிருந்தோ வந்துவிட்டது.

"அம்மா, இப்ப நீ" என்று சிநேகா பாப்பாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வுடுடி! இந்த வயசுல கூவிக்கினு கிடப்பாங்களா?"

"இஷ்டமில்லேன்னா விடுங்கோளேன், பாவம்" என்றாள் அமிர்தவல்லி அவசரமாக. இரண்டு வருஷத்தில் அவள் பாப்பாவுக்காகப் பரிந்து பேசியது அதுதான் முதல் தடவை.

தப்பித்தவனின் தாராளம் பார்த்தசாரதிக்கு வந்திருந்தது. "ஒரு கூதானே, சொல்லட்டுமே" என்றார்.

மனைவி அவரைப் பார்த்த பார்வை அவருக்கு விளங்கவில்லை.

பாப்பா எழுந்து போனாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, காதும் காதும் வைத்தாற்போல் "கூ" என்றாள்.

வளையம் ஒரு சுற்றுகூடச் சுற்றவில்லை.

"பாப்பா! பேய்க்கதையை விட்ட இடத்திலிருந்து தொடரட்டுமா?"



அமிர்தவல்லி முறுக்குத் தட்டை நேராக நகர்த்தி வைத்தாள். அது ஏற்கெனவே நேராகத்தான் இருந்தது.

தினமும் காலையில் உடம்புக்கு நல்லது என்று தன்னைக் கடற்கரைக்கு நடக்க விரட்டும் அவள் அக்கறை பார்த்தசாரதிக்கு நினைவு வந்தது. "சீக்கிரமா திரும்பிடாதேங்கோ" என்பாள்.

ஏசுபாதம் அடக்கிப் பார்த்தார். உதட்டைக் கடித்தார். தோள் குலுங்கியது. பார்த்தசாரதி எட்டி அவர் வாயைப் பொத்துவதற்குள், ஈ.சி.ஆர். வளைவில் அடிக்கும் பஸ் ஹாரன் மாதிரி அவருடைய சொந்தச் சிரிப்பு கூடம் முழுக்கக் கேட்டது.

நீல வளையம் எரிந்தது.

"திருத்தம். அந்த ஆடு, ஏசுபாதம்."